கண்ணாடிக்குள் போய்விட்ட சர்க்யூட்: எல்சிடி திரை ஆராய்ச்சியும் மலையகத்துக் குளிரும்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் எல்சிடி காட்டி இருந்தால், அதுவும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுச் சுவரில் தொங்கும் 32 அங்குல டீவியும் ஒரே சரக்கால் ஆனவைதான். இரண்டு கண்ணாடி, நடுவில் சில மைக்ரோமீட்டர் கனத்துக்குத் திரவப் படிகம், வெளிப்பக்கம் இரண்டிலும், ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் போலரைசர் தாள். தராசுக்காட்டி மழைச்சாரலிலும் ஈரக் கொழுந்து மூட்டைகளுக்கு நடுவிலும் வருடக்கணக்கில் எண் காட்டிக்கொண்டே இருக்கிறது. டீவி மட்டும் ஒரு தை மாதத்துப் பனிக்காலையில் படம் நடுங்கியோ கோடு விழுந்தோ நின்றுவிடுகிறது. ஏன் என்று புரிய, டீவிக்குள் கூடுதலாக என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தராசுக்காட்டியின் ஒவ்வொரு எண் துண்டுக்கும் ஏறக்குறைய நேரடியாகவே வயர் போய்விடும். மிஞ்சினால் மூன்று, நான்கு வரிசையாகப் பிரித்து மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். இதே முறையில் படம் காட்ட முடியாது. திரவப் படிகம் தன்மேல் விழும் வோல்டேஜைச் சராசரியாகத்தான் உணரும். வரிசை கூடக் கூட, எரிய வேண்டிய புள்ளிக்கும் அணைந்திருக்க வேண்டிய புள்ளிக்கும் கிடைக்கும் சராசரி நெருங்கி வந்துவிடும். 1974இல் ஆல்ட், பிளெஷ்கோ என்ற இரு ஆய்வாளர்கள் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 4 வரிசை என்றால் இரண்டு வோல்டேஜுக்கும் உள்ள விகிதம் 1.73 வரை போகலாம். 240 வரிசைக்கு 1.067தான். இன்றைய டீவியில் உள்ள 1080 வரிசைக்கு 1.03. நூற்றுக்கு மூன்று வித்தியாசத்தை வைத்துக்கொண்டு கறுப்பையும் வெள்ளையையும் பிரித்துக் காட்ட எந்தப் படிகத்தாலும் ஆகாது.

தீர்வு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சுவிட்ச். முழு எச்டி திரையில் 1920 பெருக்கல் 1080 புள்ளி, ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப்புள்ளி. மொத்தம் 62,20,800 டிரான்சிஸ்டர், கண்ணாடி மேலேயே படலமாகப் படிய வைத்தவை. மென்படல டிரான்சிஸ்டர் (டிஎஃப்டி) என்ற பெயர் அதனால் வந்தது. 4கே திரையில் அந்த எண்ணிக்கை இரண்டரைக் கோடியைத் தொடும்.

இதற்கான யோசனை பழையது. அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவன ஆய்வுக்கூடத்தில் போல் வெய்மர் 1962இலேயே மென்படல டிரான்சிஸ்டரைச் செய்து காட்டினார். 1973இல் வெஸ்டிங்ஹவுஸில் பீட்டர் பிராடியின் குழு 6 அங்குலச் சதுரத்தில் 120க்கு 120 புள்ளி கொண்ட திரையை ஓட்டியது. அதில் இருந்தது காட்மியம் செலினைடு. ஒரு டிரான்சிஸ்டர் போல் இன்னொன்று இராது, நாளாக நாளாகக் குணமும் மாறும். ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ஸ்பியரும் லெகோம்பரும் 1979இல் உருவற்ற சிலிக்கனில் டிரான்சிஸ்டர் செய்த பிறகுதான் வழி திறந்தது. ஷார்ப் 1988இல் 14 அங்குலக் கலர் திரையைக் காட்டியது. அன்றிலிருந்து இன்றுவரை நடந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி ஒரே சிக்கலைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

பீலியும் வாளியும்

அந்தச் சிக்கலைப் பீலிக்கரையில் வைத்துப் பார்க்கலாம். மலைநீர் வந்து விழும் ஒரு பீலி, வரிசையில் நிறைய வாளி. ஒவ்வொரு வாளிக்கும் கொஞ்ச நேரம்தான் முறை. அதற்குள் நிரப்ப வேண்டும். அடுத்த முறை வரும்வரை தண்ணீர் குறையாமல் இருக்க வேண்டும், ஆனால் வாளியில் சின்ன ஓட்டை உண்டு.

திரையில் வாளி என்பது துணைப்புள்ளியின் கெப்பாசிட்டர். படிகமே ஒரு கெப்பாசிட்டர். பக்கத்தில் துணைக்கு இன்னொன்றையும் கட்டியிருப்பார்கள். இரண்டும் சேர்ந்து அரை பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். படம் வினாடிக்கு 60 தடவை மாறுகிறது என்றால் ஒரு சுற்றுக்கு 16.7 மில்லிவினாடி. முழு எச்டியில் கண்ணுக்குத் தெரியாத மறைவரிசைகளையும் சேர்த்து 1125 வரிசை. ஒரு வரிசைக்கு 14.8 மைக்ரோவினாடி. 4கேயில் 7.4. அதையே வினாடிக்கு 120 தடவை ஓட்டினால் 3.7.

உருவற்ற சிலிக்கன் டிரான்சிஸ்டர் திறந்திருக்கும்போது 3 மெகா ஓம் தடை காட்டுகிறது என்று கொண்டால், வாளி நிரம்பும் காலமாறிலி 1.5 மைக்ரோவினாடி. நூற்றில் 99க்கு மேல் நிரம்ப அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 7.5 மைக்ரோவினாடி வேண்டும். முழு எச்டிக்குத் தாராளம். 4கேக்கு வாய்க்கும் வயிற்றுக்கும். 120 தடவை ஓட்டும் 4கேயில் வாளி நூற்றுக்கு எட்டு பங்கு குறையாகவே நிற்கும். சாம்பல் நிறம் பிசகும். பழைய உருவற்ற சிலிக்கனை இங்கே தள்ளிக்கொண்டு போக எத்தனையோ தந்திரம் செய்தார்கள். ஒரு நிரலுக்கு, புள்ளிகளுக்கு வோல்டேஜ் கொண்டுவரும் டேட்டா கம்பி இரண்டு போட்டு ஒரே நேரத்தில் இரண்டு வரிசையை நிரப்புவது அதில் ஒன்று. அலுமினியக் கம்பிக்குப் பதில் செம்பைப் போட்டது இன்னொன்று. செம்பின் தடை அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பெரிய திரையில் ஒரு முனையில் கொடுத்த துடிப்பு மறுமுனைக்குப் போவதற்குள் மழுங்கிவிடுவதை அது குறைத்தது. ஆனால் செம்பு கண்ணாடியில் நேராக ஒட்டாது, சிலிக்கனுக்குள்ளும் ஊறும். அடியில் மொலிப்டினமோ டைட்டேனியமோ ஒரு மெல்லிய படலம் போட்டே ஆக வேண்டும்.

அடுத்தது ஓட்டை. 5 வோல்ட்டில் நூற்றுக்கு ஒன்று மட்டும் இறங்கலாம் என்று வைத்தால், 16.7 மில்லிவினாடியில் கசியக்கூடிய மின்னோட்டம் 1.5 பிக்கோஅம்பியர்தான். இருட்டில் உருவற்ற சிலிக்கன் இதைத் தாங்கும். வெளிச்சம் பட்டால் கசிவு ஏறிவிடும். அதனால்தான் டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் முனையான கேட்டின் உலோகத்தை அடியில் வைத்துப் பின்விளக்கை மறைக்கிறார்கள், மேலே கறுப்புச் சட்டம் போடுகிறார்கள். படிகமும் தன் பங்குக்குக் கசியும். 1970களின் கைக்கடிகாரங்களுக்கு உயிர் கொடுத்தது ஹல் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் கிரே உருவாக்கிய சயனோபைபினைல் சேர்மங்கள். அவை அயன்களை எளிதில் ஏற்றுக்கொள்ளும். டிஎஃப்டி திரைக்கு ஒத்துவரவில்லை. ஃபுளோரின் சேர்த்த படிகங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. டிரான்சிஸ்டரைப் பற்றியே எல்லாரும் பேசுவார்கள். இந்த வேதியியல் வேலை நடந்திராவிட்டால் அந்த டிரான்சிஸ்டருக்கு வேலையே இருந்திராது.

பீலியை மூடும் கணத்தில் கொஞ்சம் சிந்தும். திரையிலும் அப்படித்தான். கேட்டுக்கும் புள்ளிக்கும் நடுவே 0.02 பிக்கோஃபாரட் ஒட்டுண்ணிக் கெப்பாசிட்டர் இருந்து, கேட் வோல்டேஜ் 28இலிருந்து கழித்தல் 6க்கு விழுந்தால், புள்ளியின் வோல்டேஜும் சுமார் 1.3 வோல்ட் கீழே இழுபடும். படிகத்துக்கு ஒரு சுற்று நேர், மறுசுற்று எதிர் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பதால் இந்த இழுப்பு ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி மறுபக்கத்தைச் சிறிதாக்கும். அதைச் சமன்செய்யத்தான் எதிர்த்தட்டின் வோல்டேஜான விகாமைக் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கிறார்கள். வேறு பனலின் (திரைக்கண்ணாடித் தொகுதியின்) டி-கான் போர்டை, அதாவது திரைக்கு வோல்டேஜும் நேரத் துடிப்பும் கொடுக்கும் பலகையைப் போட்டதும் படம் முழுக்கத் துடிக்கிறது, பழைய படத்தின் நிழல் திரையில் தங்குகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த விகாமைத்தான். துடிப்பைச் சகித்துக்கொண்டு பார்க்கலாம் என்று விட்டால், ஒரே திசையில் மிஞ்சும் மின்னழுத்தம் அயன்களை ஒரு பக்கம் ஒதுக்கி நிழலை நிரந்தரமாக்கிவிடும்.

லேசரும் ஒக்சைடும்

வாளியைச் சீக்கிரம் நிரப்பும் திறனை இலத்திரன்களின் இயங்குதிறனால் அளக்கிறார்கள். உருவற்ற சிலிக்கனில் இது 0.5இலிருந்து 1 சதுர சென்டிமீட்டர்/வோல்ட்-வினாடி. அணுக்கள் தாறுமாறாகக் கிடப்பதால் இலத்திரன் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழுந்து போகிறது. அணுக்களைச் சிறு பரல்களாக ஒழுங்குபடுத்தினால் 50, 100 என்று ஏறும். அதற்குச் சிலிக்கனை உருக்க வேண்டும், அதாவது 1400 பாகைக்குக் கொண்டுபோக வேண்டும். திரைக்கண்ணாடியோ 600, 700 பாகைக்குள்ளேயே நெளிந்துவிடும்.

வழி கொடுத்தது எக்சைமர் லேசர். 308 நானோமீட்டர் புறஊதாத் துடிப்பு, நீளம் சில பத்து நானோவினாடி. சிலிக்கன் 50 நானோமீட்டர் கனத்தில் உருகி உறைந்துவிடும். வெப்பம் கண்ணாடிக்கு இறங்க நேரமே இருக்காது. இதில் தவறு நடக்கும் இடம் ஐதரசன். சைலேன் வாயுவிலிருந்து படியவைத்த படலத்தில் ஐதரசன் நிறைய இருக்கும். அதை முன்னதாக 450 பாகை அளவில் சூடாக்கி வெளியேற்றாவிட்டால், லேசர் பட்டதும் சோளம் பொரிவது போல் வெடித்துப் படலத்தைக் கிழித்துவிடும். லேசர் கற்றையின் அகலமும் துடிப்புக்குத் துடிப்பு மாறும் சக்தியும் இன்னொரு தொல்லை. கோடு கோடாகத் தெரியும். இதனால்தான் எல்டிபிஎஸ் (குறைவெப்பப் பலபடிகச் சிலிக்கன்) என்னும் இந்த வகை கைபேசியிலும் மடிக்கணினியிலும் நிலைத்தது, பெரிய டீவிக்கு வரவில்லை. கசிவும் அதில் கூடுதல்; ஒரு சுவிட்சுக்கு இரண்டு கேட் வைத்துச் சமாளிக்கிறார்கள்.

2004இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ஹோசோனோ குழு வெளியிட்ட ஆய்வு வேறு கதவைத் திறந்தது. இந்தியம், காலியம், நாகம், ஒட்சிசன் சேர்ந்த ஒக்சைடு. உருவற்றதாகவே இருந்தாலும் இயங்குதிறன் 10 அளவில் நிற்கும். காரணம் இந்தியம் போன்ற உலோகங்களின் வெளி இலத்திரன் கூடு கோள வடிவமானது, பெரியது. பக்கத்து அணு எந்தக் கோணத்தில் இருந்தாலும் ஒன்றோடொன்று மேற்படிந்துவிடும். சிலிக்கனின் பிணைப்புகள் திசை பார்ப்பவை, கோணம் பிசகினால் பாதை அறுந்துவிடும்.

வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் கசிவின்மை. சிலிக்கனைவிடப் பல மடங்கு குறைவு. ஓட்டையில்லா வாளி கிடைத்தால் வினாடிக்கு 60 தடவை நிரப்பத் தேவையில்லை. நிலைப்படத்தை வினாடிக்கு ஒரு தடவை புதுப்பித்தாலும் போதும். பேட்டரியில் ஓடும் கருவிகளுக்கு இதுதான் லாபம். ஷார்ப் 2012இல் இதைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது.

சிக்கல் இல்லாமல் இல்லை. கேட்டில் எதிர்மறை வோல்டேஜும் மேலே வெளிச்சமும் சேர்ந்து விழுந்தால் இந்த ஒக்சைடின் திறப்பு வோல்டேஜ் மெல்ல நகரும். ஒட்சிசன் இடைவெளிகள்தான் காரணம் என்பது பரவலான விளக்கம். மேலே மூடும் காப்புப் படலத்தில் ஐதரசன் இருந்தால் அது ஒக்சைடுக்குள் புகுந்து சுவிட்சை மூடமுடியாத கம்பியாக்கிவிடும். அதனால் சிலிக்கன் நைட்ரைடை நேராக மேலே போடாமல் சிலிக்கன் டையொக்சைடைப் போடுகிறார்கள். உலோகத்தை அரிக்கும் அமிலம் ஒக்சைடையும் சேர்த்து அரிக்கும். தடுப்புப் படலம் ஒன்று போடலாம், ஆனால் அதற்கு வடிவம் பதிக்கும் அச்சான மாஸ்க் இன்னொன்று வேண்டும், இன்னொரு செலவு. பாதிப் போட்டி இந்த ஒரு மாஸ்க்கை மிச்சம் பிடிப்பதில்தான் நடந்தது.

குளிர்காலைக் கோளாறு

இப்போது தை மாதத்துக்கு வருவோம். இலங்கை மலையகத்தின் நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் இரவுக் குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனியும் சில விடியல்களில் விழும். டீவிப் பனல்களின் குறிப்புத்தாளில் இயங்கும் வெப்பநிலை பெரும்பாலும் 0இலிருந்து 50 பாகை என்றிருக்கும். தகரக்கூரை லயத்தில் காலை ஐந்து மணிக்கு அறைக்குள்ளே பத்துப் பாகை இருந்தாலும் அது அனுமதித்த எல்லைக்குள்தான். ஆனாலும் கோளாறு வருகிறது.

காரணம், கேட்டுகளை ஓட்டும் சர்க்யூட்டான கேட் டிரைவர் இடம் மாறியது. முன்பு வரிசைகளைத் திறந்து மூடும் வேலையைத் திரையின் பக்கவாட்டில் ஒட்டிய தனி சிலிக்கன் சில்லுகள் செய்தன. அவற்றை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் சர்க்யூட்டைத் துணைப்புள்ளி டிரான்சிஸ்டர்களோடு சேர்த்துக் கண்ணாடி மேலேயே வரைந்துவிட்டார்கள். சில்லின் செலவு மிச்சம், ஓரச் சட்டமும் ஒல்லி. ஆராய்ச்சியாகப் பார்த்தால் அழகான வேலை. டீவி திருத்தும் கடைக்காரர் மேசையில் பார்த்தால், கழற்றி மாற்றக்கூடிய ஒரு பாகம் மாற்றவே முடியாத கண்ணாடிக்குள் போய்விட்டது.

உருவற்ற சிலிக்கனின் மின்னோட்டம் வெப்பத்தை நம்பியது. குளிர்ந்தால் குறையும். துணைப்புள்ளியின் சுவிட்ச் ஒரு சுற்றில் 15 மைக்ரோவினாடிதான் வேலை செய்யும், ஆனால் கேட் சர்க்யூட்டில் சில டிரான்சிஸ்டர்கள் பாதி நேரத்துக்கு மேல் வோல்டேஜின் அடியிலேயே கிடக்கும். அதனால் அவற்றின் திறப்பு வோல்டேஜ் வருடத்துக்கு வருடம் ஏறும். வயதும் குளிரும் ஒன்றாகச் சேரும் காலையில், ஒரு வரிசை அடுத்த வரிசைக்குக் கைமாற்றும் துடிப்பு பலவீனமாகி நடுவழியில் அறுந்துவிடும். திரையின் மேல்பாதி சரி, கீழ்பாதி இழுபட்டோ மங்கியோ இருக்கும். அல்லது படுக்கைக் கோடுகள் ஓடும். பதினைந்து நிமிடம் ஓடவிட்டால் பின்விளக்கின் சூட்டில் சரியாகிவிடும். "குளிர்ல இழுக்குது, சூடானா சரியாப்போகுது" என்று வாடிக்கையாளர் சொல்வதில் முக்கால்வாசிக் கண்டறிதல் முடிந்துவிட்டது.

பனல் செய்பவர்களுக்கும் இது தெரியும். அதற்காகப் பல டி-கான் போர்டுகளில் குளிர்ந்தால் தடை ஏறும் தெர்மிஸ்டர் ஒன்று இருக்கும். குளிரில் அது கேட்டைத் திறக்கும் வோல்டேஜான விஜிஎச்சைச் சில வோல்ட் உயர்த்திக் கொடுக்கும். அந்தத் தெர்மிஸ்டர் விட்டுப்போனாலோ, அது இல்லாத வேறு போர்டைப் பொருத்தியிருந்தாலோ, கொழும்பில் ஒழுங்காக ஓடும் அதே டீவி நுவரெலியா பக்கத்துக் கந்தப்பளையில் காலையில் இழுக்கும்.

பார்க்கும் முறை இதுதான். டி-கான் போர்டில் அளவிடும் புள்ளிகளின் பெயர் அச்சடித்திருக்கும். உள்ளீடு 12 வோல்ட் (சிறிய பனலில் 5), தர்க்கச் சுற்றுக்கு 3.3, டேட்டா சில்லுகளுக்கான ஏவிடிடி 14இலிருந்து 16, விஜிஎச் 25இலிருந்து 30, கேட்டை மூடும் விஜிஎல் கழித்தல் 6இலிருந்து கழித்தல் 10, விகாம் ஏவிடிடியில் ஏறக்குறையப் பாதி. பனலுக்குப் பனல் இந்த எண்கள் மாறும்; சில பனலில் ஸ்டிக்கரிலேயே எழுதியிருப்பார்கள். விஜிஎச் இல்லை அல்லது விழுந்து கிடக்கிறது என்றால், சாதனத்தை அணைத்து, பனலுக்குப் போகும் பட்டை வயரைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். கழற்றியதும் வோல்டேஜ் எழுந்து நின்றால் போர்டில் குறையில்லை, கண்ணாடியில் ஷோர்ட். எழவில்லை என்றால் போர்டைப் பார்க்கலாம். இரண்டு பட்டை வயர் உள்ள பனலில் ஒன்றை மட்டும் மாட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் கெட்டது என்றும் தெரிந்துவிடும்.

பெரும்பாலான பெரிய பனல்களில் கேட் சர்க்யூட் இரு பக்கமும் இருக்கும். ஒரே வரிசையை இடமிருந்தும் வலமிருந்தும் திறப்பார்கள். ஒரு பக்கம் ஷோர்ட் ஆனால், அந்தப் பக்கத்துக் குளொக் (நேரத் துடிப்பு) வழிகளை மட்டும் பட்டை வயரின் முனையில் மெல்லிய டேப் ஒட்டி மறைத்துவிட்டு, மறுபக்கத்தை வைத்தே படத்தை எடுப்பது கடைகளில் வழக்கம். வேலை செய்யும். ஆனால் ஒரு பக்கத்துச் சர்க்யூட் முழு வரிசையையும் தனியாகச் சுமக்கிறது. தூர முனையில் நிறம் மங்கலாம், குளிர்காலையில் இழுப்பு முன்னைவிட மோசமாகலாம். செய்து கொடுப்பவர் இதைச் சொல்லிவிட்டே காசு வாங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டுமே கேட் சர்க்யூட் உள்ள பனலில் இந்த வித்தை பலிக்காது.

கேட் ஒரு பக்கம் இருக்க, புள்ளிகளுக்கு வோல்டேஜ் கொடுக்கும் டேட்டா சில்லுகள் இன்னும் கண்ணாடிக்கு வெளியேதான், படலத்தில் ஒட்டியவையாக இருக்கின்றன. அந்தப் படலத்தைக் கண்ணாடியோடு சேர்ப்பது பற்றாசு கிடையாது. சில மைக்ரோமீட்டர் அளவுக் கடத்தும் உருண்டைகள் கலந்த எபொக்சிப் பட்டை. 170, 180 பாகைச் சூட்டில் சில வினாடி அழுத்தும்போது உருண்டைகள் நசுங்கி மேலிருந்து கீழ் மட்டும் மின்சாரம் கடத்தும், பக்கவாட்டில் கடத்தாது. முனைக்கு முனை இடைவெளி 50 மைக்ரோமீட்டர் அளவில்தான். ஈரம் புகுந்தால் எபொக்சி உப்பும், உருண்டை விலகும். விளைவு, மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு. விரலால் ஓரத்தை அழுத்தினால் கோடு மறைந்து, எடுத்தால் வருகிறதென்றால் இணைப்புத்தான் விட்டிருக்கிறது. சூட்டுத் துப்பாக்கியால் சுட்டு அழுத்துவது சில வாரம் தாங்கும். முறையான பிணைப்பு இயந்திரம் இல்லாமல் அது நிரந்தரமாகாது.

அந்த ஈரம் மூடுபனியால்தான் வருகிறது என்று நினைப்பவர் அதிகம். மேசைக்கு வரும் திரைகளில் அதைவிடப் பெரிய குற்றவாளி துடைக்கும் முறை. திரையில் நேராகத் திரவத்தைத் தெளித்தால் அது வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கும். டேட்டா படலங்கள் பெரும்பாலும் கீழோரத்தில்தான் இருக்கின்றன. ஈரமாக இருக்கும்போதே மின்சாரம் போட்டால், 50 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஏவிடிடியின் 15 வோல்ட் செம்பையும், கண்ணாடி மேல் உள்ள ஒளிபுகும் கடத்தியான இந்தியம் தகர ஒக்சைடையும் மின்பகுப்பில் அரித்துவிடும். துணியை நனைத்துப் பிழிந்து, அணைந்த திரையை மேலிருந்து கீழாகத் துடைப்பதே போதும். விறகடுப்புப் புகைக்கரி படிந்திருந்தால் ஒரு சொட்டுப் பாத்திரச் சவர்க்காரம் போதும். அமோனியா கலந்த கண்ணாடித் துப்புரவுத் திரவம் வேண்டாம். திரையின் முன்புறம் பிளாஸ்டிக் தாள், கண்ணாடி கிடையாது.

வெளிச்சம் எங்கே போகிறது

பின்விளக்கிலிருந்து கிளம்பும் ஒளி 100 என்றால், முதல் போலரைசரைத் தாண்டுவது 43. கம்பிகளும் டிரான்சிஸ்டரும் கறுப்புச் சட்டமும் மறைத்ததுபோக 26. நிற வடிகட்டி அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விழுங்கும். கடைசிப் போலரைசரையும் கடந்து கண்ணுக்கு வருவது ஆறு, ஏழு. மீதி எல்லாம் சூடு. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும் ஆராய்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம்: சுவிட்ச் சிறுத்தால் ஜன்னல் பெரிதாகும்.

விளக்கிலும் மாற்றம் வந்தது. பாதரசக் குழல் போய், நீல எல்இடி மேல் மஞ்சள் பொஸ்பர் பூசிய வெள்ளை விளக்கு வந்தது. அதில் சிவப்பும் பச்சையும் சோகையாக இருக்கும். குவாண்டம் புள்ளித் தாள் நீலத்தைச் சுத்தமான சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுகிறது. 2013இலிருந்து டீவியில் இருக்கிறது. முதலில் காட்மியம், பிறகு நச்சுக் கட்டுப்பாட்டால் இந்தியம் பொஸ்பைடு. கடுகளவு எல்இடிகளை ஆயிரக்கணக்கில் பின்னால் பரப்பி, இருட்டான இடத்தில் மட்டும் அணைக்கும் மினி எல்இடி 2019இல் டீவிக்கு வந்தது. கறுப்பு கறுப்பாக இருக்கும். வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும்.

மலையகத்துக் கடைகளில் அதிகம் வரும் பின்விளக்குக் கோளாறு இவ்வளவு நுட்பமானதல்ல. சத்தம் வருகிறது, படம் இல்லை. அறையை இருட்டாக்கி டோர்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்தால் மங்கலாகப் படம் ஓடுவது தெரியும். பனல் உயிரோடு இருக்கிறது, விளக்குப் பட்டைதான் போயிற்று. பட்டையில் எல்இடிகள் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று அறுந்தால் எல்லாம் அணையும். கெட்ட ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த பலவீனமானது சில மாதத்தில் போகும். முழுத் தொகுதியையும் மாற்றுவதே சரி. 3 வோல்ட் எல்இடி இருந்த இடத்தில் 6 வோல்ட் பட்டையைப் போட்டுவிடாமல் பார்க்க வேண்டும். மாற்றிய கையோடு பின்விளக்கு மின்னோட்டத்தை நூற்றுக்கு இருபது, முப்பது குறைத்துவிட்டால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆயுள் நன்றாகவே கூடும். கடையில் கண்ணைக் கவர வேண்டும் என்று தொழிற்சாலையிலேயே உச்சத்தில் ஓட்டி அனுப்புவதுதான் இந்தப் பட்டைகள் சீக்கிரம் சாகக் காரணம் என்பது என் கணிப்பு. திருத்தப் போக வேண்டாதவரும் மெனுவில் பின்விளக்கை 100இலிருந்து 60க்கு இறக்கி வைக்கலாம்.

பட்டை மாற்றப் பனலைத் தூக்க வேண்டும். இரண்டு பேர், நிமிர்த்திய நிலையில், கண்ணாடியை வளைக்காமல். ஆட்டோவில் மடியில் படுக்கவைத்துக் கொண்டுவரும் டீவிகளில் கொண்டை ஊசி வளைவுகளே பாதிப் பனலை முடித்துவிடுகின்றன: அரை மில்லிமீட்டர் சுமாரான கண்ணாடி, நான்கு ஓரத்தில் மட்டும் பிடிப்பு, நடுவில் தொங்கல். குளிர்ந்த லொறியிலிருந்து அடுப்பெரியும் அறைக்குள் கொண்டுவந்தால் உடனே பிளக்கைப் போடாமல் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். உள்ளே பனித்த நீர் உலர வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்கள்

படிகத்தை முறுக்கி வைத்த பழைய வகையில் கீழிருந்து பார்த்தால் நிறம் தலைகீழாகும். 1996இல் ஹிட்டாச்சி கொண்டுவந்த ஐபிஎஸ் வகையில் படிகம் கண்ணாடிக்கு இணையான தளத்திலேயே திரும்புகிறது. எந்தப் பக்கமிருந்தும் நிறம் நிற்கும். அதே காலத்தில் ஃபுஜிட்சு வளர்த்த விஏ வகையில் படிகம் நிமிர்ந்து நின்று வோல்டேஜ் வந்ததும் சாயும். கறுப்பு ஆழம், வெளிச்ச வேறுபாடு 3000க்கு 1 அல்லது அதற்கு மேல். ஐபிஎஸில் அது 1000, புதிய வகையில் 2000. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் பாயிலும் கட்டிலிலும் வாசற்படியிலும் உட்கார்ந்து எட்டுப் பேர் பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ். விளக்கை அணைத்து நேரெதிரே ஓரிருவர் பார்ப்பதென்றால் விஏ. கடையில் எது என்று தெரிய, திரையை விரல் நுனியால் மிக மெதுவாகத் தடவிப் பார்க்கலாம்: விஏயில் விரலைச் சுற்றி வெளிறல் படரும், ஐபிஎஸில் ஏறக்குறைய அசையாது. குளிரில் படிகத்தின் பிசுபிசுப்பு ஏறுவதால் காலையில் விஏ திரையில் இருண்ட காட்சிகள் இழுவையாகத் தெரியும். அது கோளாறில்லை.

தொழிற்சாலைகள் பெரும்பாலும் சீனாவுக்கு நகர்ந்துவிட்டன. 2940க்கு 3370 மில்லிமீட்டர் கண்ணாடியை வெட்டும் ஆலைகள் அங்கே ஓடுகின்றன. சம்சுங் 2022இல் எல்சிடி பனலை விட்டது. ஷார்ப்பின் சக்காய் ஆலை 2024இல் டீவிப் பனல் செய்வதை நிறுத்தியது. பழைய பனலுக்குப் புதிய பனல் தேடுவது இனி வீண் அலைச்சல். போர்டும் விளக்குப் பட்டையும்தான் கிடைக்கும். ஒரே டீவி மாடலுக்குள் மாதத்துக்கு மாதம் வேறு வேறு பனல் போட்டிருப்பார்கள். அதனால் ஹட்டனுக்கோ பதுளைக்கோ கொழும்புக்கோ போர்டு வாங்கப் போகிறவர், டீவியின் பின்மூடியில் உள்ள மாடல் எண்ணோடு நிற்காமல், மூடியைக் கழற்றிப் பனலின் முதுகில் ஒட்டிய ஸ்டிக்கர் எண்ணையும் டி-கான் போர்டில் அச்சடித்த எண்ணையும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.